பழைய சின்ன டிராக்டருக்குப் பின்னால் எதை மாட்டுவது?

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில், பனைக்குளம் பக்கம் எங்களுக்கு மணல் தோப்பு. 120 தென்னை, ஓரமாகக் கொஞ்சம் பனை, நடுவில் ஒரு உறைகிணறு. அப்பா காலத்தில் வாங்கிய 18.5 ஹெச்.பி. சின்ன டிராக்டர் இன்னும் ஓடுகிறது. ஜப்பான் வடிவமைப்பு, மூன்று சிலிண்டர். நாலடி அகலம்கூட இல்லாததால் மரத்துக்கு மரம் புகுந்து வரும். இத்தனை வருடமும் அதன் பின்னால் இருந்தது அஞ்சு கொத்துக் கலப்பையும் ஒரு சின்ன டிரெய்லரும்தான். பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் பிடிஓ ஷாஃப்ட்டை, அதாவது என்ஜின் விசையைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொடுக்கும் சுழல் தண்டை, மூடிய தகரத்தை யாரும் கழற்றியதே இல்லை.

இரண்டு வருடம் முன்பு அந்தத் தகரத்தைக் கழற்றினோம். கையில் இருந்த காசுக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும். சுழலும் கத்தியால் மண்ணைப் புரட்டிக் கட்டி உடைக்கும் ரோட்டவேட்டரா, தண்ணீர் பம்பா, செடி வெட்டும் ஸ்லாஷரா, மட்டை அரைக்கும் மிஷினா? வீட்டில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இந்தக் கடற்கரையில் எங்களைப் போலப் பழைய சின்ன வண்டி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களும் இதே கேள்வியோடுதான் பட்டறைக்கு வருகிறார்கள். நாங்கள் ஒவ்வொன்றையும் எப்படி எடை போட்டோம் என்பதைச் சொல்கிறேன்.

பட்டறை அண்ணனிடம் போய், "அண்ணே, எந்த ரோட்டவேட்டர் வாங்கலாம்?" என்றுதான் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கியரை நியூட்ரலில் போட்டு, பிடிஓ லிவரைப் போட்டுவிட்டு, "தம்பி, பின்னாடி போய் தள்ளி நின்னு ஷாஃப்ட்டைப் பாருங்க" என்றார். கிளட்சை மெதுவாக மிதித்தார். பாதி மிதிக்கும்போதே ஷாஃப்ட் நின்றுவிட்டது. "இதான் உங்க வண்டி. இதுக்கு ஏத்த மாதிரி வாங்குங்க" என்றார்.

அவர் காட்டியது சின்ன விஷயம். ஆனால் முடிவு முழுவதும் அதில்தான் இருந்தது. பழைய சின்ன டிராக்டர்கள் பலவற்றில் ஒரே கிளட்ச்தான். சக்கரத்துக்குப் போகும் விசையும் பிடிஓவுக்குப் போகும் விசையும் அந்த ஒரே கிளட்சைத் தாண்டித்தான் போகின்றன. மிதித்தால் இரண்டும் சேர்ந்து நிற்கும். இரட்டைக் கிளட்ச் வண்டியில் பாதி மிதித்தால் சக்கரம் நிற்கும், பிடிஓ சுற்றிக்கொண்டே இருக்கும். முழுவதும் மிதித்தால்தான் அதுவும் நிற்கும். பிடிஓவுக்கென்று தனிக் கிளட்சே உள்ள வண்டிகளும் உண்டு. கருவி வாங்கப் போகும் முன் இந்தச் சோதனையை அவரவர் வண்டியில் செய்து பார்த்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை.

ஒரே கிளட்சில் என்ன சிக்கல்? ஓடிக்கொண்டே செய்யும் வேலையில், கியர் மாற்றக் கிளட்சை மிதித்தால் கருவியும் சுற்றுவதை நிறுத்தும். மறுபடி விடும்போது, நின்றுபோன கத்தி மண்ணுக்குள் புதைந்தபடியே ஒரே வெட்டாகக் கிளம்ப வேண்டும். அந்த அடி கிளட்ச் தட்டிலும் கியரிலும் விழும். இதற்கு நேர் எதிரான சிக்கலும் ஒன்று உண்டு. அதை நான் நேரில் பட்டே தெரிந்துகொண்டேன்.

தென்னைக்கு அடியில் முளைத்த சீமைக்கருவேலங் கன்றுகளை வெட்ட, சொந்தக்காரர் ஒருவரிடம் ஸ்லாஷர் வாங்கி மாட்டினோம். தட்டையான இரும்புக் கூண்டுக்குள் கனமான கத்திகள் படுக்கைவாட்டில் சுற்றும் கருவி அது. வரிசைக் கடைசியில் வேலி வந்ததும் கிளட்சை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. கத்திகள் சுற்றிய வேகமே பிடிஓ வழியாகத் திரும்பி கியர்பெட்டிக்குள் வந்து, சக்கரத்தை முன்னால் தள்ளிக்கொண்டு போனது. பிரேக்கை அழுத்திப் பிடித்தும் ஏழெட்டு அடி போய், முன்சக்கரம் வேலிக் கல்தூணில் முட்டித்தான் நின்றது. அந்த இடத்தில் ஆள் நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதற்கு மருந்து ஓவர்ரன் கிளட்ச் என்ற ஒரு சின்ன இணைப்பு. சைக்கிள் பின்சக்கரத்து ஃப்ரீவீல் போலவேதான் வேலை செய்யும். பெடலை நிறுத்தினாலும் சக்கரம் உருளுகிறதல்லவா, அதுபோல டிராக்டர் நின்றாலும் கருவி தன்பாட்டுக்குச் சுற்றி ஓயும், விசை திரும்பி வராது. ஆனால் அது ஷாஃப்ட்டின் நீளத்தில் சில அங்குலத்தைக் கூட்டிவிடும். கருவியோடு வரும் இணைப்புத் தண்டை அதற்கேற்பக் குறைக்க வேண்டியிருக்கும். ஒரே கிளட்ச் வண்டியில் ஸ்லாஷர் ஓட்ட நினைப்பவர்கள் இது இல்லாமல் ஓட்டவே கூடாது.

அன்றிலிருந்து எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, இது நின்று செய்யும் வேலையா, ஓடிச் செய்யும் வேலையா என்பதுதான். பழைய ஒற்றைக் கிளட்ச் வண்டி நின்று செய்யும் வேலைக்கு அருமையான வண்டி. ஓடிச் செய்யும் வேலையில்தான் அதன் வயதும் குறையும் வெளியே தெரியும்.

இன்னொன்று, சக்திக் கணக்கு. என்ஜினில் 18.5 ஹெச்.பி. என்றால் பிடிஓ முனையில் கிடைப்பது சுமார் 85 சதவீதம், அதாவது 15 அல்லது 16. தேய்ந்த என்ஜின் என்றால் 13, 14 என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம். நிமிடத்துக்கு 540 சுற்று என்பது பொது அளவு. ஷாஃப்ட் விட்டம் ஒன்றே முக்கால் அங்குலம் என்று சிலர் சொல்வார்கள், அதை நம்பி வாங்கிவிடக் கூடாது. நம் வண்டிகளில் பொதுவாக வருவது 1 3/8 அங்குலம், அதாவது 35 மி.மீ., முனையைச் சுற்றி ஆறு பல். 1918-ல் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி தன் 8-16 டிராக்டரில் பிடிஓவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடுத்த பத்தாண்டுகளில் வேகத்துக்கும் பல்லுக்கும் பொது அளவு வைத்தார்கள். ஒரு கம்பெனி கருவி இன்னொரு கம்பெனி வண்டியில் மாட்ட முடிவது அதனால்தான். ஆனாலும் ஜப்பான் வடிவமைப்பில் வந்த சின்ன வண்டிகளில் பிடிஓவுக்கே இரண்டு மூன்று வேகம் இருக்கும். 540-க்கான கருவியை மேல் வேகத்தில் ஓட்டினால் பேரிங்கும் கத்தியும் தாங்காது. வெளிநாட்டு வீடியோவில் வரும் தோட்ட டிராக்டர்கள் சிலவற்றில் முன்னாலோ நடுவிலோ 2000 சுற்றில் ஓடும் பிடிஓ இருக்கும். அந்தக் கருவிகளைப் பார்த்து ஆசைப்பட்டுப் பயனில்லை.

சரி, ரோட்டவேட்டருக்கு வருவோம். ஊரில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். எங்கள் வண்டி இழுக்கக்கூடியது மூன்றடி அகலக் கருவி, அதற்கு மேல் இல்லை. மூன்றடி என்றால் பின்சக்கரத் தடத்தைக்கூட முழுதாக அழிக்காது. அதைவிடப் பெரிய தடை எங்கள் மண். மண்டபத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி வரை கடலோரத்தில் இருக்கும் மணல் பூமியில் ரோட்டவேட்டருக்கு உடைக்கக் கட்டியே கிடையாது. ஏற்கெனவே பொலபொலவென்று கிடக்கும் மணலை மறுபடி மறுபடி புரட்டினால் இருக்கிற கொஞ்சம் மக்கும் வெயிலில் எரிந்துபோகும், ஈரமும் போகும். ஆடிக் காற்றில் மேல்மண் அடுத்தவன் தோப்புக்குப் போய்விடும். மணல் கத்தியையும் உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். தென்னையின் வேலை செய்யும் வேர்களில் பெரும்பங்கு மரத்தைச் சுற்றி ஆறேழு அடிக்குள்தான் இருக்கிறது. அங்கே கத்தி போனால் அந்த வருடக் காய்ப்பில் தெரியும். வரிசைக்கு நடுவில் வருடத்துக்கு இரண்டு தடவை அஞ்சு கொத்துக் கலப்பை ஓட்டினால் எங்களுக்குப் போதும். அதற்குப் பிடிஓவே வேண்டாம்.

சீமைக்கருவேலத்தை அழித்த நிலம் என்றால் இன்னும் கவனம். தூரை முழுதாகப் பிடுங்காமல் ரோட்டவேட்டர் ஓட்டினால் கத்தி வேர்க்கட்டையில் மாட்டும். அப்போது அறுந்து வண்டியைக் காப்பாற்றத்தான் ஷியர் போல்ட் என்ற பலி போல்ட்டை வைத்திருக்கிறார்கள். அடிக்கடி அறுகிறதே என்று கடினமான போல்ட்டைப் போட்டு முறுக்கிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த அடி கியர்பெட்டிக்குத்தான் போகும். பழைய வண்டிக்குக் கியர்பெட்டிச் சாமான் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் களிமண் நெல் வயல் வைத்திருப்பவருக்கு நான் இப்படிச் சொல்ல மாட்டேன். புரட்டாசியில் புழுதி விதைப்புக்கு முன் கட்டி உடைக்க ரோட்டவேட்டர் அவர்களுக்கு உண்மையிலேயே உதவும். ஆனால் அந்த வேலை ஊர் முழுக்க அதே பத்துப் பதினைந்து நாளில் வரும், அப்போது 45 ஹெச்.பி. வண்டி ஐந்தடி ரோட்டவேட்டரோடு வாடகைக்கு வந்து நிற்கும். வேளாண் பொறியியல் துறையிலும் வாடகைக்குப் பதியலாம். நம் சின்ன வண்டி மூன்றடிக் கருவியோடு ஒரு நாள் முழுக்கப் போராடுவதைப் பெரிய வண்டி காலையில் முடித்துவிடும்.

தண்ணீர் பம்பு என் தம்பியின் ஆசை. "கரண்ட் இல்லாட்டியும் தண்ணி இறைக்கலாம்ணே" என்றான். நின்று செய்யும் வேலைதான், ஒற்றைக் கிளட்சுக்குப் பொருந்தும். நானும் கொஞ்ச நாள் அதன் பக்கமே சாய்ந்திருந்தேன். கிணற்றடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

எங்கள் கிணறு பத்தடி விட்டம். ஒரு மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 7000 லிட்டர் நிற்கும். நாலு அங்குல பிடிஓ பம்பு வினாடிக்கு 15 லிட்டர் தள்ளினால், நிமிடத்துக்கு 900 லிட்டர். ஊற்று ஊறுவதைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால் எட்டு நிமிடத்தில் ஒரு மீட்டர் இறங்கிவிடும். மற்ற ஊரில் இதைப் பலம் என்பார்கள். கடற்கரை மணலில் இதுதான் ஆபத்து. இங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது, அவ்வளவுதான். கடல் தண்ணீர் கொஞ்சம் கனம் கூடியது என்பதால், கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் அதன் கீழே சுமார் 40 அடி நல்ல தண்ணீர் தாங்கி நிற்கும். மேலே ஒரு அடியை வேகமாக உறிஞ்சிவிட்டால் கீழே உப்பு அந்தக் கணக்கில் மேலேறி வரத் தொடங்கும். கிணறு ஒருமுறை சவர் தட்டிவிட்டால் நல்ல மழை பெய்தும் சீக்கிரத்தில் திரும்பாது. நம் பெண்கள் கடலோர ஊற்றில் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக மோந்து, ஊற விட்டு மறுபடி மோப்பதில் இருக்கிற அறிவை இந்தக் கணக்கு போட்ட அன்றுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. இந்த மண்ணுக்கு மெதுவாக இழுக்கும் ஒரு ஹெச்.பி. மோட்டாரும் சொட்டுநீரும்தான் சரி.

டீசல் கணக்கும் பம்புக்கு எதிராகத்தான் வந்தது. வினாடிக்கு 15 லிட்டரை ஆறு மீட்டர் உயரத்துக்குத் தள்ள, பம்பின் வீணடிப்பையும் சேர்த்து இரண்டரை ஹெச்.பி. போதும். அதற்கு 18 ஹெச்.பி. என்ஜினை உறும விடுவது எண்ணெய்க்கு நட்டம். கார்த்திகை மழையில் குண்டு மிளகாய் வயலில் தேங்கும் தண்ணீரை அவசரமாக வடிக்க வேண்டியவர்களுக்கு மட்டும் பிடிஓ பம்பு தேவைப்படலாம். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, ஆனால் வேரில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் செடி சாய்ந்துவிடும். அந்த ஒரு வாரத்துக்கு டிராக்டர் பம்பு கைகொடுக்கும். அதைக்கூட நாலு பேர் சேர்ந்து வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, மட்டை அரைக்கும் மிஷின். வாங்கியது இதைத்தான்.

ஒரு தென்னை மாதத்துக்கு ஒரு மட்டை வீதம் போடும். 120 மரத்துக்கு வருடத்தில் 1400-க்கு மேல். பச்சை மட்டையை எங்கள் பக்கத்துப் பெண்கள் கீற்று முடையக் கேட்டு வாங்கிப் போவார்கள், அதில் நான் கை வைக்க மாட்டேன். அது அவர்கள் பிழைப்பு. அடிமட்டை அடுப்புக்குப் போகும். மீதி காய்ந்த மட்டையை முன்பெல்லாம் குவித்துக் கொளுத்துவோம். மணல் பூமியில் மக்கு என்ற ஒன்றே அரிது, அதைத் தீ வைத்துப் புகையாக்கிக்கொண்டிருந்தோம் என்பது இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

மிஷின், டிராக்டரின் பின்னால் கருவியைத் தாங்கும் மூன்று புள்ளி லிங்க்கில் ஏறி உட்காரும். வண்டியை நிழலில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, கியர் நியூட்ரலில் பிடிஓ மட்டும். உள்ளே கனமான சக்கரம், அதில் கத்தி. அந்தச் சக்கரம் கனமாக இருப்பதால் 15 ஹெச்.பி.யும் தடுமாறாமல் ஒவ்வொரு மட்டையாக விழுங்குகிறது. நுனிப்பக்கத்தை முதலில் விட வேண்டும். ஓலை படபடவென்று போகும், தண்டு நெருங்க நெருங்க என்ஜின் சத்தம் ஒரு சுருதி கீழே இறங்கும். அந்தச் சத்தம் மறுபடி ஏறும்வரை அடுத்த மட்டையை விடக் கூடாது. இந்தப் பழக்கம் வந்துவிட்டால் வண்டி மூச்சு வாங்காது. ஒரு மட்டைக்கு அரை நிமிடம். வருடத்து மட்டை முழுவதையும் அரைத்தாலும் 12 மணி நேர ஓட்டம், எடுத்துப் போடுவது சுமப்பது எல்லாம் சேர்த்து மூன்று நாள் வேலை. மணிக்கு இரண்டரை லிட்டர் என்றால் வருடத்துக்கு 30 லிட்டர் டீசல்.

அரைத்ததை மரத்தைச் சுற்றி ஆறடி வட்டத்துக்குள் நாலு விரல் கனத்துக்குப் பரப்புகிறோம். பங்குனி வெயிலில் அந்த மூடாக்கைக் கையால் விலக்கிப் பார்த்தால் அடியில் மணல் இருண்டு, குளிர்ந்து, விரலில் ஒட்டுகிறது. இரண்டு அடி தள்ளி வெறும் மணல் காலைச் சுடுகிறது. தண்ணீர் விடும் இடைவெளியை இரண்டு நாள் தள்ளிப்போட முடிந்தது. ஒரு எச்சரிக்கை மட்டும். அரைத்ததைக் குவித்து வைக்கக் கூடாது. மக்கும் குவியல்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும் வீடு. அரைத்த அன்றே மெல்லியதாகப் பரப்பிவிட வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழி தோண்டும் ஆகர் வேலிக் கம்பத்துக்குத்தான் ஆகும். தென்னைக்கு மூணுக்கு மூணு அடி குழி வேண்டும், எங்கள் மணலில் ஆகர் போட்ட குழி தூக்கும்போதே சரிந்து மூடிக்கொள்ளும். தெளிப்பான் யோசிக்க வேண்டிய ஒன்று. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்ட சுருள் வெள்ளை ஈ வந்த தோப்பில், ஓலையின் அடிப்பக்கம் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினாலே கணிசமாக உதிரும். அந்தப் பம்புக்கு நாலைந்து ஹெச்.பி. போதும், நின்று செய்யும் வேலையும்கூட. அடுத்து காசு சேர்ந்தால் நான் வாங்குவது அதைத்தான். பிடிஓ ஜெனரேட்டர் புயல் நாளில் கைகொடுக்கும். ஆனால் வருடத்தில் நாலு நாளுக்காக அதை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

எதை வாங்கினாலும் இணைப்புத் தண்டு பற்றிய சில விஷயங்களை விடக் கூடாது. கருவியை மேலே தூக்கியும் கீழே இறக்கியும் தண்டின் நீளத்தை அளக்க வேண்டும். மிகச் சுருங்கும்போதும் ஒரு அங்குலம் இடம் மிச்சமிருக்க வேண்டும், இல்லையென்றால் அது பேரிங்கைக் குத்தும். மிக நீளும்போதும் உள்குழாய் வெளிக்குழாய்க்குள் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் கவை மாதிரி இருக்கும் நுகம் ஒரே வாட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மாறி இருந்தால் வண்டி முழுக்க அதிரும். பிளாஸ்டிக் உறை இல்லாத தண்டை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 540 சுற்று என்றால் வினாடிக்கு ஒன்பது சுற்று. நுகங்களை இணைக்கும் கிராஸ் இருக்கும் இடத்தில் ஏழு செ.மீ. விட்டம் என்று வைத்தாலே ஒரு வினாடியில் இரண்டு மீட்டர் துணியைச் சுருட்டிவிடும். நாலு முழ வேட்டி மொத்தமும் அவ்வளவுதான். எங்கள் தோப்பில் மிஷின் ஓடும் நாளில் வேட்டி, துண்டு, தாவணி, கைலி எதுவும் பக்கத்தில் வரக் கூடாது, அரைக்கால் சட்டைதான். பிடிஓவை நிறுத்திய பிறகும் கனமான சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றும். அது முழுதாக நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வாயில் அடைத்த மட்டையைத் தொட வேண்டும்.

அப்புறம் மானியம். ஒன்றிய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை உண்டு, கருவிக்குக் கருவி உச்சவரம்பும் உண்டு. வேளாண் பொறியியல் துறை வழியாக விண்ணப்பிக்க வேண்டும். புதுக் கருவிக்குத்தான் அது. பழைய கருவி மலிவாக வருகிறது என்று இறங்குபவர்கள், கீழ்லிங்க் பின்னின் கனத்தையும் அளந்துகொண்டு போகட்டும். சாதாரண வண்டிக்கு 22 மி.மீ., மிகச் சின்ன தோட்ட டிராக்டருக்கு 16 மி.மீ.

உப்புக் காற்று ஒரு மழைக்காலத்திலேயே பல்லை அரித்துவிடும். மார்கழியில் வேலை ஓய்ந்ததும் தண்டைக் கழற்றி, நல்ல தண்ணீரில் துடைத்து, ஆறு பல்லிலும் கிரீஸ் அப்பி, பழைய டியூப் துண்டைச் சுற்றிக் கட்டி வீட்டுக்குள் வைத்துவிடுகிறோம். டிராக்டரின் பின் ஷாஃப்ட்டுக்கும் அதே கிரீஸ், மேலே அப்பா காலத்துத் தகர மூடி.